பிரேக் இன்ஸ்பெக்டரின் இடப்பக்கம்

ஊரில் ஓட்டுநர் உரிமம் கேட்டு வந்தவர்களில் பாதிப்பேரைத் திருப்பி அனுப்பியவர் அவர். மோட்டார் வாகன ஆய்வாளர் என்று அலுவலகப் பலகையில் எழுதியிருக்கும்; ஜனங்கள் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர்; முதுகுக்குப் பின்னால் 'அடுத்த மாசம்'. "அடுத்த மாசம் வாங்க" என்பதைத் தவிர அவருக்கு வேறு வாக்கியமே தெரியாது என்று பயிற்சிப் பள்ளிக்காரர்கள் சொல்வார்கள். அது அபாண்டம். "சீட் பெல்ட்டைப் போடுங்க" என்றும் சொல்வார்.

இருபத்தாறு வருடம் தேர்வுக் காரின் இடது இருக்கையில் உட்கார்ந்தார். அந்தக் காரில் அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் மறந்தாலும் இவர் கால் மறக்காது. மிதித்துவிட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் படிவத்தில் எழுதுவார். எதிரே அழுதவர்கள் உண்டு. பெரிய இடத்துச் சிபாரிசோடு வந்து மீசையை முறுக்கியவர்கள் உண்டு. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மாசம்தான். சொந்த மச்சானையே மூன்று தடவை அலையவிட்டார். மச்சான் இன்றுவரை இவர் வீட்டுக்கு பஸ்ஸில்தான் வருகிறார், வேண்டுமென்றே.

ஐம்பத்தாறாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, அந்த இருக்கையிலேயே அவருக்குப் பக்கவாதம் வந்தது. அப்போது ஓட்டிக்கொண்டிருந்தவர் தையற்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா. மூன்றாவது தடவையாகத் தேர்வுக்கு வந்திருந்தார். இன்ஸ்பெக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப்பக்கம் சாய்வதைப் பார்த்து, தான் ஏதோ பெருங்குற்றம் செய்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாராம். வாய் கோணியிருப்பதைக் கவனித்ததும் காரை நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டார். ஏழே நிமிடம். அந்த வேகம்தான் ஆளைக் காப்பாற்றியது என்று டாக்டர் சொன்னார். இன்ஸ்பெக்டருக்குப் பேச்சு திரும்பிய அன்று அந்த அம்மா பழத்தோடு வந்து கட்டிலருகே நின்றார்.

"ரெண்டு சிக்னல்ல நிக்கல," என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ரொம்ப நன்றிம்மா," என்றார்.

அந்த அம்மாவுக்கு உரிமம் கிடைத்தது, வேறோர் ஆய்வாளரின் கையெழுத்தில்.

கையும் காலும் அவரை ரொம்ப நாள் காக்க வைக்கவில்லை. முதல் மாதத்தில் இடது கால் தரையை உணர்ந்தது. இரண்டாவது மாதத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். மூன்றாவது மாதத்தில் இடது கை ஒரு சட்டைப் பொத்தானைப் போட்டது, பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு. வாய்க் கோணலும் நிமிர்ந்துவிட்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "பழைய ஆளா ஆயிட்டீங்க," என்றார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். திரும்பி வராதது ஒன்று இருந்தது. அது வரவில்லை என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருக்கு அறவே தெரியாது.

அதை முதலில் கண்டுபிடித்தவர் மாப்பிள்ளை. கண்டுபிடித்தார் என்று சொல்வதைவிடக் கோபித்துக்கொண்டார் என்று சொல்வதுதான் சரி. மாமனார் வீடு திரும்பிய வாரம் பார்க்க வந்து, அவருக்கு இடது பக்கம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, "எப்படி இருக்கீங்க மாமா?" என்று கேட்டார். பதில் இல்லை. குரலை உயர்த்தி மறுபடி கேட்டார். இன்ஸ்பெக்டர் எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே மனைவியிடம், "யாரோ பேசற மாதிரி இருக்கே, டிவியை அணைச்சியா?" என்றார். மாப்பிள்ளையின் முகம் கறுத்தது. கொடுத்த டீயைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

சாயங்காலம் மகள் போனில் அழுதாள். "அப்பா தன்னை மனுஷனாவே மதிக்கலன்னு அவர் குதிக்கிறாரும்மா. கல்யாணப் பேச்சு எடுத்தப்பவே அப்பாவுக்குத் தன்னைப் பிடிக்கலையாம்."

"பிடிக்கலைதான்," என்றாள் அம்மா. "அதுக்காக வீட்டுக்கு வந்தவர் மூஞ்சியைக்கூடப் பாக்காம இருக்கற ஆளா உங்கப்பா?"

அடுத்த வாரம் மகளின் கண்ணீருக்காக மாப்பிள்ளை மறுபடியும் வந்தார். அன்று தற்செயலாக வலது பக்க நாற்காலிதான் காலியாக இருந்தது. இன்ஸ்பெக்டரின் முகம் மலர்ந்தது. "அடடே, வாங்க மாப்பிள்ளை! போன வாரமே வருவீங்கன்னு பாத்தேன்," என்றார். மாப்பிள்ளை போன வாரம் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

மனைவி கெட்டிக்காரி. அன்றைக்கு மத்தியானமே அவர் சாப்பிடுவதை உட்கார்ந்து கவனித்தாள். தட்டின் வலது பாதியைத் துடைத்துவைத்தாற்போலச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு," என்றார். இடது பாதி வைத்தது வைத்தபடி இருந்தது. அவள் தட்டை அரைச் சுற்று சுற்றி வைத்தாள். "ம், போதும்," என்று அதையும் சாப்பிட்டார். சவரம் செய்துகொண்டால் வலது கன்னம் பளபளவென்றிருக்கும். இடது கன்னம் நேற்றைய தேதியில் இருக்கும். இதெல்லாம் நோயின் அசதி என்றுதான் அவள் அதுவரை நினைத்திருந்தாள்.

வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். சின்ன வயசு; ஆனால் தாட்சண்யம் என்றால் என்னவென்று தெரியாத பெண். இன்ஸ்பெக்டருக்கு அவளைப் பிடித்திருந்ததற்கு அதுதான் காரணம். "கண்ணுல ஒரு குறையும் இல்ல சார். மூளைதான் இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதை மறந்துருச்சு. மறந்துட்டோம்ங்கறதையும் மறந்துருச்சு."

"எனக்கு நல்லாத்தானே தெரியுது," என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதைத்தான் சார் சொல்றேன்," என்றாள் அவள். பிறகு மனைவி பக்கம் திரும்பினாள். "அம்மா, இனிமே எல்லாத்தையும் அவருக்கு இடது பக்கம் வைங்க. தண்ணி, மாத்திரை, போன், டிவி எல்லாமே. நீங்களும் அந்தப் பக்கமே நில்லுங்க. தலையைத் திருப்பித் தேடட்டும். கோபம் வரும், வரட்டும். தேடித் தேடித்தான் அந்தப் பக்கம் திரும்ப வரும்."

மனைவி மூன்று நாள் அப்படியே செய்தாள். முதல் நாள் மாத்திரையைத் தேடி எரிந்து விழுந்தார். இரண்டாம் நாள் செருப்பில் ஒன்றுதான் இருக்கிறது என்று வீட்டையே இரண்டாக்கினார். மூன்றாம் நாள் கத்தவில்லை. தண்ணீர் டம்ளர் இடது கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. ஒரு மணி நேரம் நாக்கு வறண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சின்னக் குரலில், "ஒரு வாய் தண்ணி வைக்கக்கூட உனக்கு மனசு வரலையா?" என்று கேட்டார். முப்பது வருடத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. டம்ளரை எடுத்து வலது பக்கம் வைத்தாள். அன்பால் நடந்த தப்பு என்பதால், வீட்டில் ஒருவர் கண்ணுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

டம்ளருக்குப் பின்னால் மற்றவையும் இடம் மாறின. டிவி வலது மூலைக்குப் போனது. கட்டிலை இடது சுவரோடு ஒட்டிப் போட்டார்கள். அந்தப் பக்கம் சுவர்தான் என்றால் தேட என்ன இருக்கிறது? அவருடைய நாற்காலியைக் கூடத்தின் இடது கோடியில் போட்டதால் மொத்தக் கூடமும் அவருக்கு வலது பக்கமாயிற்று. மகளும் மாப்பிள்ளையும் வந்தால் செருப்பைக் கழற்றிய கையோடு வலது பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பிசியோப் பெண் வரும் நாளில் மட்டும் காலை ஒன்பதரைக்கு எல்லாம் இடது பக்கம் நகரும். பதினொன்றுக்கு அவள் படியிறங்கியதும் திரும்பி வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் மேலதிகாரி வரும் நாளில் நடக்குமே, அந்த மாதிரி.

ஒரே மாதத்தில் இன்ஸ்பெக்டர் அபாரமாகத் தேறிவிட்டார். எதையும் தேடுவதில்லை, யாரோடும் சண்டை இல்லை. "மாமா முன்னைவிடத் தெளிவா இருக்காரு," என்று மாப்பிள்ளையே சாட்சி சொன்னார்.

அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஆய்வாளராக இருப்பவர் கையில் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும். பக்கவாதம் மாதிரி நோய் வந்தால் பயிற்சி கொடுத்தவரிடம் சான்றிதழ் வாங்கி, சாலையில் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் பழைய இருக்கை. தேறாவிட்டால், ஓய்வுபெற இருந்த இரண்டு வருடத்தையும் பின்கட்டில் பழைய பதிவேட்டு அறையில் கழிக்க வேண்டும். அந்த அறையில் ஒரு ஜன்னல், அதுவும் ஆணியடித்தது. "அங்க இருக்கற பல்லிகூட ரிட்டயர் ஆயிருச்சு," என்று அவரே எத்தனையோ முறை கேலி பேசியிருக்கிறார். இப்போது அந்த அறையை நினைத்தாலே அவருக்குப் பயமாக இருந்தது. செத்துப்போவதைப் பற்றி ஆஸ்பத்திரியில்கூட அவர் அவ்வளவு பயப்படவில்லை.

தேர்வுக்கு முன்னால் பிசியோப் பெண் ஒரு தாளைக் கொண்டுவந்தாள். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொன்றையும் குறுக்கே அடிக்க வேண்டும். இடது பக்கம் மறந்தவர்கள் வலது பாதியை மட்டும் அடித்துவிட்டு எழுந்துவிடுவார்களாம். இன்ஸ்பெக்டர் பார்க்காத பரீட்சைத் திருட்டா? இடது கை விரலால் தாளின் ஓரத்தைத் தடவிப் பிடித்து, விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, அந்த விரலிலிருந்து ஆரம்பித்தார். ஒரு கோடுகூட விடவில்லை.

அவள் தாளையும் விரலையும் மாறி மாறிப் பார்த்தாள். "பரீட்சை நல்லா எழுதறீங்க சார். ஆனா ரோட்டுக்குத் தடவிப் பாக்க ஓரம் கிடையாது."

"இருபத்தாறு வருஷமா ரோட்டுலதான்மா இருக்கேன்."

"உக்காந்து இருந்தீங்க," என்றாள் அவள். சான்றிதழில், கைகளும் கால்களும் போதிய பலத்துடன் உள்ளன, மற்றது சாலையில் சோதிக்கப்பட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சாலையில் சோதிக்க வேண்டியவர் அவருக்கு அடுத்த நிலை ஆய்வாளர். அலுவலகத்தில் 'சின்னவர்' என்பார்கள், நாற்பது வயது. இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினாலே எழுந்து நிற்கிற மனுஷர். தேர்வுக்கு முதல் நாள் இன்ஸ்பெக்டரின் மனைவி அவரை அலுவலக வாசலில் தனியாகப் பிடித்தாள். "தம்பி, அவருக்கு வலது பக்கம் ரொம்ப நல்லா வருது. கொஞ்சம் அந்தப் பக்கமாவே கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க. மனசு ஒடிஞ்சுட்டார்னா என்னால தாங்க முடியாது." சின்னவர் தலையாட்டினார். அவருக்கும் அதே பயம்தான். அந்த மனுஷரை எந்த வாயால் தேறவில்லை என்று சொல்வது?

மறுநாள் காலை பத்து மணி. தேர்வுக் கார் அலுவலக முற்றத்தில் நின்றது. இன்ஸ்பெக்டர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, நேரே காரின் இடது கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, படிவத்துக்குக் கையை நீட்டினார். சின்னவர் வெளியே நெளிந்துகொண்டு நின்றார்.

"ஏறு, என்ன யோசனை?"

"சார்... இன்னைக்கு நீங்க அந்தப் பக்கம் சார்."

இன்ஸ்பெக்டர் இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். முற்றத்தில் காத்திருந்த பத்துப் பதினைந்து பேரில் சிரித்தவர் ஒருவரும் இல்லை. அதில் எட்டுப் பேர் முன்பு அவரிடமே தோற்றவர்கள். அவர்கள் பார்த்த பார்வையில் அவருக்குக் காது மடல் சுட்டது.

அருமையாகத்தான் ஓட்டினார். கிளட்ச் அதிரவில்லை, கியர் மாறுவது காதில் விழவில்லை. "வலது பக்கம் சார்," என்றார் சின்னவர். வலது பக்கம் திரும்பினார். சந்தைக்குப் பின்னால் மறுபடியும் வலது. தண்ணீர்த் தொட்டிக்கு அருகே மறுபடியும் வலது. எதிரே வந்த லாரிக்கு வழிவிட்டு, ஒரு சைக்கிளுக்குப் பொறுத்து, கண்ணாடியைப் பார்த்து, சைகை போட்டுத் திரும்பினார். சின்னவருக்கு மூச்சு சீரானது. நான்காவது முறையாக "வலது பக்கம்" என்றதும் இன்ஸ்பெக்டர் காரை ஓரங்கட்டி நிறுத்தினார்.

"இந்தப் பாதை யார் போட்டது?"

"நம்ம ஆபீஸ் பாதைதான் சார்."

"ஆபீஸ் பாதையைப் போட்டவன் நான். அதுல மூணு இடது இருக்கு. நீ என்னைச் செக்குல கட்டுன மாதிரி ஒரே இடத்துல சுத்த விடறே."

"அங்கெல்லாம் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்க சார்."

இருபத்தாறு வருடம் பொய்யை அடுத்த இருக்கையில் வைத்துக் கேட்டவர் அவர். "என்னால முடியாதுன்னு நினைக்கறியா?" என்றார். சின்னவர் படிவத்தின் ஓரத்தை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவர் யாருக்கும் சலுகை காட்டியதில்லை. இன்றைக்கு அவருக்கே பிச்சை போடுகிறார்கள். கோபத்தைவிட அவமானம்தான் பெரிதாக இருந்தது. "மருந்துக்கடை முக்குல இடது திரும்பறேன். பாத்து மார்க் போடு," என்றார்.

இடது திருப்பம் தேர்வில் ஆக எளிது. எதிர்வண்டியைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. ஓரமாக வந்து ஓரமாகவே போகலாம். அதில் தோற்பவர்களைப் பார்த்து, "நீங்க சைக்கிளே ஓட்டாம இருக்கறது நல்லது," என்று அவர் சொல்வதுண்டு. மருந்துக்கடை வந்தது. வேகத்தைக் குறைத்தார். சைகை போட்டார். கண்ணாடியைப் பார்த்தார். தெரு துடைத்துவிட்டது போலக் காலியாக இருந்தது. ஸ்டியரிங்கை அளவாக ஒடித்து, ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்தார்.

கார் நின்றது.

அவர் பிரேக்கைத் தொடவில்லை. கார் எந்தப் பக்கத்துப் பிரேக்கில் நிற்கிறது என்பது அவர் தோளுக்குத் தெரியும். எத்தனை ஆயிரம் தடவை அவரே மிதித்திருக்கிறார். தெருவில் யாரோ யாரையோ வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள். தெருமுனை என்றால் அப்படித்தான் இருக்கும்.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். தெரியாம கால் பட்டுருச்சு. ஒரு நிமிஷம் பொறுத்துக் கிளம்பலாம் சார்," என்றார் சின்னவர்.

"தெரியாம பட்ட கால் இவ்வளவு அழுத்தாது. ரோடு காலியாத்தானே இருக்கு?"

சின்னவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இடது பக்கம் பாருங்க சார்," என்றார்.

"பாத்துட்டேன்."

"இன்னும் திரும்பிப் பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் கழுத்தைத் திருப்பினார். சின்னவரின் மடி தெரிந்தது. மடியில் படிவம் தெரிந்தது. இன்னும் திருப்பினார். வியர்த்துக் கொட்டும் முகம் தெரிந்தது. இதற்குமேல் ஒன்றுமில்லை என்றுதான் அவருக்குப் பட்டது. கழுத்து வலிக்கும்வரை இன்னும் திருப்பினார். கார் மூக்கின் இடது முனைக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஒரு கையில் பள்ளிப்பை. மறுகையால் ஒரு சின்னப் பெண் குழந்தையை வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தாள். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தாள். அத்தனை நேரமும் தெருவில் கேட்ட அந்தத் திட்டு தனக்குத்தான் என்று இன்ஸ்பெக்டருக்கு அப்போதுதான் புரிந்தது.

"இவ்வளவு பெரிய ஆள் நிக்கறது தெரியலையா? கண்ணு தெரியுமா தெரியாதா உனக்கு?" என்று அந்தப் பெண் ஜன்னல் கண்ணாடிக்கு அருகில் வந்து கத்தினாள்.

சின்னவர் பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கி, "அம்மா, அவரு உடம்பு சரியில்லாதவரு..." என்று ஆரம்பித்தார். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"தெரியலம்மா," என்றார். "இந்தப் பக்கம் எனக்குத் தெரியல."

அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லி அவள் கேட்டதில்லை போலிருக்கிறது. வாயில் இருந்த மிச்சத் திட்டை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். பிறகு குழந்தையை இழுத்துக்கொண்டு தெருவின் இடது ஓரமாகவே நடந்து போனாள். குழந்தை மட்டும் போகிற வழியெல்லாம் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தது. அவர் கழுத்தைத் திருப்பியபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தளர்த்தினால் குழந்தை இல்லாமல் போய்விடும் என்று பயமாக இருந்தது. அவர்கள் பள்ளிக்கூட வாசலுக்குள் போகும்வரை அப்படியே இருந்தார். கண்ணீர் வழிந்து சட்டையில் விழுந்தது, துடைக்கவில்லை.

வண்டியை அணைத்தார். சின்னவரின் மடியிலிருந்து படிவத்தை எடுத்தார். எல்லாக் கட்டங்களிலும் அழகாக 'நன்று' என்று எழுதியிருந்தது. இடது திருப்பத்துக்கான கட்டத்திலும் இருந்தது. அதன் மை இன்னும் ஈரமாக இருந்தது.

"கார் நின்ன பிறகா எழுதினே?"

சின்னவர் தலை குனிந்தார்.

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. பேனாவை வாங்கி, எல்லாவற்றையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டு, கீழே 'தேறவில்லை' என்று எழுதினார். பெயர் எழுதும் இடத்தில் தன் பெயரையே எழுதினார். ஆய்வாளர் கையெழுத்துக்கான இடத்தைக் காட்டி, பேனாவைச் சின்னவர் விரலுக்குள் திணித்தார்.

"சார், என்னால முடியல சார்."

"போடுப்பா," என்றார் இன்ஸ்பெக்டர். "எனக்குத் தெரியாததை உன்னால பாக்க முடிஞ்சுது. அதுக்குத்தான் உன்னை அந்த சீட்டுல உக்கார வெச்சிருக்கு."

சின்னவர் கையெழுத்துப் போட்டார். அதில் எழுத்து ஒன்றும் நேராக வரவில்லை.